பேனாக்கத்தியும் ஒரு பழைய பாக்கியும்



போன வாரம் பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் கூப்பிட்டான். கூட்டாளிகளோடு இமயமலைப் பக்கம் நடைப்பயணம் போகிறானாம். “சார், பையில போட்டுக்க ஒரு மடக்குக் கத்தி வாங்கணும். ஏழு கருவி உள்ளதும் இருக்கு, இருபது கருவி உள்ளதும் இருக்கு. எதை வாங்கலாம்?” என்றான்.

“வரலாறு வாத்தியாருட்ட கேக்கக்கூடிய கேள்வியாடே இது?” என்றேன்.

“நீங்க எதைக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்ததுன்னுதான் ஆரம்பிப்பீங்க. அதுல இருந்து எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கிடுவேன்” என்று சிரித்தான்.

அவனுக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இந்தப் பதிலைத் தேடப்போன இடத்தில் முப்பத்தைந்து வருசத்துப் பாக்கி ஒன்றும் அகப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம ஊர் வீடுகளில் மீன் வெட்டவும் காய் நறுக்கவும் வைத்திருப்பது பிச்சாத்தி. மரம், விறகு என்றால் வெட்டுக்கத்தி. சட்டைப்பைக்குள் மடங்கிக் கிடப்பதற்கு மட்டும் பேனாக்கத்தி என்று பெயர். கத்திக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருக்கிறீர்களா?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வாத்து இறகைச் சீவித்தான் எழுதினார்கள். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். எழுதுகிறவன் அடிக்கடி அதைச் சீவிக் கூராக்கி, நடுவில் ஒரு சின்னப் பிளவும் போட வேண்டும். அதற்காகவே ஒரு சிறிய கத்தியைப் பக்கத்தில் வைத்திருந்தான். அதுதான் பேனாக்கத்தி. 19-ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் பட்டறைகளில் இருந்து இரும்பு நிப்புகள் லட்சக்கணக்கில் வரத் தொடங்கியதும் இறகு போய்விட்டது. ஆனால் கத்தியும் போகவில்லை, பெயரும் போகவில்லை. பென்சில் சீவவும், நூல் அறுக்கவும், மாங்காய் நறுக்கவும் அது சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

இது வெள்ளைக்காரன் கதை. நம்ம பக்கத்துக் கதை இதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

இங்கே எழுதியது பனையோலையில். மரத்தில் இருந்து வெட்டிய ஓலையில் அப்படியே எழுத முடியாது. பதப்படுத்தி, நரம்பை நீக்கி, ஒரே அளவாக இரண்டு ஓரமும் வார வேண்டும். கயிறு கோக்கத் துளை போட வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத்தாணி. அப்படியானால் எழுதுகிறவனுக்குக் கத்தி, ஆணி என்று இரண்டுமே கைக்குப் பக்கத்தில் வேண்டும். இதற்கு நம்ம கொல்லர்கள் கண்ட வழிதான் மடக்கெழுத்தாணி. நடுவில் ஒரு பிடி. ஒரு பக்கம் ஓலை வாருகிற கத்தி, மறுபக்கம் எழுதுகிற ஆணி. வேலை முடிந்தால் இரண்டையும் பிடிக்குள் மடக்கிவிடலாம். உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று மூன்றையும் குறிப்பிடுகிறார்.

இன்றைக்குக் கடையில் ‘மல்டி டூல்’ என்று பளபளவென்று தொங்குகிறதே, அதற்கு நம்ம வழியில் ஒரு மூதாதை இது. உலகத்தில் இதற்கும் மூத்தது உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊரிலுள்ள பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்துக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளியில் செய்தது. கரண்டி, முள்கரண்டி, கத்தி, கூரான ஊசி எல்லாம் ஒரே பிடியில் மடங்கும். ஏறக்குறைய 1,800 வருசப் பழசு. அது சாப்பாட்டு மேசைக்கு உண்டானது. நம்முடையது எழுத்து வேலைக்கு உண்டானது.

நாஞ்சில் நாட்டில் ஓலைக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு சாதாரணமானதல்ல. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைத் தேடிப் போய்ப் பார்த்துப் படி எடுத்தவர் நம்ம தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. பின்னாளில் அந்த ஓலைகளைப் பதிப்பித்தவர் அ.கா. பெருமாள். நிலம், வரி, ஆளை விற்று வாங்கிய அடிமை விவகாரம் எல்லாம் அந்த ஓலைகளில் இருக்கிறது. இது போக வைத்திய ஏடு, வர்ம ஏடு, வில்லுப்பாட்டு ஏடு என்று எத்தனையோ ஏடுகள் நம்ம கிராமத்து வீட்டுப் பரண்களில் கிடந்தன. அத்தனைக்கும் பின்னால் ஓலையை வாரிய ஒரு கத்தியும் எழுதிய ஓர் ஆணியும் இருந்திருக்கின்றன.

எழுதுகிறவனை விட்டுவிட்டு ஓலை தந்த பனைக்கு வருவோம். இரணியல், கருங்கல், குளச்சல் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பனையேறி இடுப்பில் அரிவாள்பெட்டி தொங்கும். அதற்குள் பாளை அரிவாள். பாளையை இடுக்கி நசுக்கக் கடிப்பு. கலயத்துக்குள் தடவச் சுண்ணாம்பு. பதநீரை ஊற்றி இறக்கக் குடுவை. பனை உச்சியில் போய் நின்றுகொண்டு, கீழே ஒன்றை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல முடியாது. தேவையில்லாத ஒன்றையும் சுமந்து ஏற முடியாது. அந்தப் பெட்டிக்குள் இருந்ததில் எதுவும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

இதே கணக்குதான் உலகப் புகழ்பெற்ற ஸ்விஸ் ராணுவக் கத்திக்கும். 1889-இல் ஸ்விட்சர்லாந்து ராணுவத்துக்கு ஷ்மிட்-ரூபின் என்ற புதுத் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் திருப்புளி வேண்டும். சிப்பாய்க்குச் சாப்பாடு தகர டப்பாவில் வந்தது, அதைத் திறக்க வேண்டும். ஆக அந்தக் கத்தியில் நாலே நாலு உறுப்புகள்: ஒரு அலகு, ஒரு திருப்புளி, டப்பா திறப்பான், துளை போடும் ஊசி. இபாக் என்ற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்செனர் 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுக்கத் தொடங்கினார். 1897-இல் இன்னொரு சின்ன அலகும் புட்டி மூடித் திருகும் சேர்த்து அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். 1909-இல் அம்மா இறந்தபோது அவர் பெயரான விக்டோரியாவையே கம்பெனிக்கு வைத்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும், அதன் பிரெஞ்சுப் பெயரில் இருந்து ‘இனாக்ஸ்’ என்பதைச் சேர்த்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது. அம்மாவின் பெயரும் எஃகின் பெயரும் சேர்ந்த பெயர் அது.

அடுத்தது அமெரிக்கர் டிம் லெதர்மேன். 1975-இல் மனைவியோடு ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் பண்ணியது. கையில் இருந்த கத்தியால் எத்தனையோ செய்ய முடிந்தது, ஒரு நட்டைப் பிடித்துத் திருக மட்டும் முடியவில்லை. ஊருக்குப் போய், குறடை நடுவில் வைத்து, மற்றதெல்லாம் அதன் பிடிக்குள் மடங்குகிற மாதிரி ஒன்றைச் செய்தார். 1980-இல் காப்புரிமை கிடைத்தது. விற்பனைக்கு வந்தது 1983-இல். இதுவும் வேலையில் இருந்து பிறந்த கருவிதான்.

இப்போது அந்த மாணவனுக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

கருவியின் எண்ணிக்கையைப் பார்க்காதே. போன ஒரு மாசத்தில் ‘ஒரு கத்தி இருந்தா நல்லா இருக்குமே’ என்று எந்தெந்த வேலைக்கு நினைத்தாய் என்று ஒரு தாளில் எழுது. பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, நூல் வெட்ட என்றால் ஒரு அலகும் ஒரு கத்தரியும் போதும். பைக்கோடு மல்லுக்கட்டுகிறவன் என்றால் குறடு உள்ளதை வாங்கு. இருபது கருவி உள்ளது கனமாக இருக்கும், இரண்டாம் மாசமே மேசைக்குள் போய்விடும்.

அலகு இரண்டரை, மூன்று அங்குலம் போதும். திறந்த அலகு தானாக மடங்காதபடி பூட்டு இருந்தால் விரலுக்குப் பாதுகாப்பு. பிரான்சில் 1890-இல் தொடங்கிய ஒப்பினல் என்ற குடியானவர் கத்திக்கே 1955-இல்தான் பூட்டு வளையம் வந்தது. அதற்கு முன்னால் எத்தனை விரல் அறுபட்டிருக்குமோ!

பழைய ரகக் கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம், ஆனால் நம்ம கடற்கரை உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதை வாங்கினால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகே வாங்குங்கள். எதுவானாலும் தீட்டப் பழகிக்கொள்ளுங்கள். மழுங்கின கத்தியை அழுத்தி இழுக்கும்போதுதான் கை வெட்டுப்படும்.

விமானத்தில் கைப்பையில் கத்தியைக் கொண்டு போக முடியாது, பெட்டியில் போட்டு ஏற்றிவிட வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ உண்டானதாக இல்லாவிட்டால், ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வந்துவிடும். பைக்கத்திக்கு அவ்வளவு நீளம் தேவையும் இல்லை.

இனி அந்தப் பாக்கி.

போனை வைத்துவிட்டு, வீட்டில் ஒரு பழைய மடக்குக் கத்தி கிடக்குமே என்று தேடினேன். நான் 2013-இல் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூட மேசையில் இருந்த சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டு வந்தேன். அதற்குள் இருந்தது. கொம்புப் பிடி. இரண்டு பக்கமும் துருவேறி மடங்கிக் கிடந்தது.

அது என்னுடைய கத்தி இல்லை. 1988-இல் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் நான் பிடுங்கியது. சன்னல் ஓரம், கடைசி பெஞ்சு. பனையேறி ஒருவருடைய மகன். பக்கத்தில் இருந்தவனுக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வகுப்புக்குள் கத்தியா என்று கையை நீட்டினேன். “பாட்டாக்க கத்தி சார்” என்றான். “அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்க” என்றேன். விடியுமுன்னே பனையில் ஏறுகிற மனுசனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியார் முன்னால் நிற்க ஏது நேரம்? பையன் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். அந்த வருசப் பரீட்சையோடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான். கத்தியால் நிறுத்தினான் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக் கஷ்டம் என்றுதான் கேள்விப்பட்டேன். ஆனால் போகும்போது அவன் கத்தி என் மேசைக்குள் இருந்தது. கூப்பிட்டுக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறப் போட்டு மெல்லத் திறந்தேன். ஒரு பக்கம் தேய்ந்த சின்ன அலகு. மறுபக்கம் ஆணி. சாக்குத் தைக்கிற ஊசி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஏடுகளோடு பழக்கமுள்ள நண்பர் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கியதுமே, “சார், இது மடக்கெழுத்தாணில்லா!” என்றார். ஒரு பனையோலைத் துண்டை வாரி, ஆணியால் ‘அ’ என்று கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தார். எழுத்து கறுப்பாகத் தெளிந்து வந்தது.

எனக்குப் பேச்சு வரவில்லை. அதே வகுப்பில், அதே வருசம், பழங்காலத்தில் எப்படி எழுதினார்கள் என்று பாடம் நடத்தி, கரும்பலகையில் எழுத்தாணி படம் வரைந்தவன் நான். கடைசி பெஞ்சில் ஒரு பையன் அசல் எழுத்தாணியைக் கையில் வைத்திருந்தான். அவன் வீட்டில் யாரோ ஒருவர் ஏடு எழுதியிருக்கிறார். வைத்தியமோ, வர்மமோ, பாட்டோ, பனைக் கணக்கோ. ‘பாட்டாக்க கத்தி’ என்று அவன் சொன்னபோது, ‘பாட்டா என்ன செய்தார்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைய பாடத்தை அவனே நடத்தியிருப்பான். பனையேறி வீட்டில் எழுத்து இருந்திருக்கும் என்று வரலாறு வாத்தியாரான எனக்குத் தோன்றவே இல்லை. பிடுங்கியதை விட அதுதான் பெரிய தப்பு.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வருசம் ஒன்பதாம் வகுப்பில் கூடப் படித்தவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். இப்போது ஐம்பது வயது தாண்டியிருப்பான். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். இல்லையென்றால் போன் பண்ணுங்கள்.

நீயே இதை வாசித்தாய் என்றால், மக்கா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். நீயும் வர வேண்டாம். முகவரி மட்டும் சொல், கொண்டு வந்து தருகிறேன். துருவைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஆணி இன்னும் நன்றாக எழுதுகிறது.

மற்றவர்கள் உங்கள் வீட்டு மேசை, பரண், பழைய டிரங்குப் பெட்டி எல்லாம் ஒரு தடவை பாருங்கள். மடங்கின இரும்பு எது அகப்பட்டாலும் ஆக்கர்கடைக்குப் போடுமுன் திறந்து பாருங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அது யாருடையது என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்