கணக்கில் வராத காய்ச்சல்

சப்ரகமுவத் தோட்டங்களுக்குக் காய்ச்சல் புதிய விருந்தாளியன்று. மழையோடு வந்ததும் உண்டு. மழை பொய்த்து வந்ததும் உண்டு. அதனை யார் எண்ணினார்கள், யாருக்காக எண்ணினார்கள் என்பதே வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய கேள்வி.

பிரித்தானிய ஆட்சி நோயைக் கண்காணிக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. தொற்றுநோய்களைத் தடுக்க 1897இல் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென 1912இல் தனிச் சட்டமும் எழுந்தது. மண்டபம் முகாமிலே தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்தார்கள். வாந்திபேதியும் கொள்ளைநோயும் கடல் கடந்துவிடலாகாது என்பதே கவலை. தொழிலாளியிடமிருந்து தோட்டத்தைக் காத்த கண்காணிப்பு அது. லயத்து வாழ்விலிருந்து தொழிலாளியைக் காக்கும் கண்காணிப்பு அன்று.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளிலே அனோபிலிஸ் நுளம்பு பெருகிற்று. மலேரியா உலர்வலயத்தின் நோய் என்றே கருதப்பட்டு வந்தது. ஈரவலய மக்களின் உடலிலோ அதனை எதிர்க்கும் வலு இல்லை. உலகப் பொருளாதார மந்தம் ஏற்கெனவே அவர்களின் வயிற்றைக் காயவைத்திருந்தது. கேகாலை மாவட்டம் பேரிழப்புக்குள்ளான பகுதிகளுள் ஒன்றாயிற்று. 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறக்குறைய 15 இலட்சம் மக்கள் நோயுற்றனர். மாண்டவர் தொகை 80,000 அளவில் மதிப்பிடப்படுகிறது. சூரியமல் இயக்கத்தார் கொயினாவும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை 1936இல் ருவன்வெல்ல மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பியது தற்செயலன்று.

பின்னர் 1946இல் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கிற்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி மயக்கத்தில் விழிப்புத் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றித் திரும்பிற்று. ஒவ்வொரு காய்ச்சலின் இரத்தத்தையும் சோதித்து, ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் தேடிச் சென்ற பிறகே, 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோயை வெல்வது மருந்து மட்டுமன்று, இடையறாத கணக்கும்தான்.

இப்பாடத்தை உண்ணி பரப்பும் காய்ச்சலுக்குப் பொருத்திப் பார்ப்போம். மாட்டிலும் நாயிலும் ஒட்டிவாழும் உண்ணி, ரிக்கெட்சியா என்னும் நுண்ணுயிரை மனிதருக்கு ஏற்றிப் புள்ளிக் காய்ச்சலை உண்டாக்குகிறது. மத்திய மலைநாட்டில் இத்தகைய நோய்கள் இருப்பதை 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. சுகாதாரத் துறையின் வாராந்த அட்டவணையில் இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் ‘டைபஸ்’ என்றொரு கட்டம் உண்டு. ஆனால் உண்ணி தந்த காய்ச்சலும், சிற்றுண்ணியின் குடம்பி தந்த புதர்க்காட்டுக் காய்ச்சலும் அந்த ஒரே கட்டத்துள் அடங்கிவிடுகின்றன. அக்கட்டத்தை எட்டுவதற்கும் முதலில் ஒரு வைத்தியர் நோயை இனங்காண வேண்டும். ஒருநாள் வேலை தவறினால் ஒருநாட் சம்பளம் போகுமென்று காய்ச்சலோடு மலையேறும் பெண்ணை எந்த வைத்தியர் காண்பார்? காலத்தில் அறிந்தால் விலை மலிந்த டொக்சிசைக்கிளின் அவளைக் காக்கும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இடையே நிற்பது விஞ்ஞானத்தின் வறுமையன்று, வாழ்க்கையின் வறுமையே.

1957இல் மைசூர் மாநிலத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது, ஆய்வாளர் அதனைப் பின்தொடர்ந்து சென்றே உண்ணி பரப்பிய புதிய நோயைக் கண்டனர். குரங்கின் சாவும் ஒரு செய்தியாயிற்று. மனிதரின் காய்ச்சல் செய்தியாக வேண்டாமா?

ஆசிரியர்களாகிய நம் கையில் வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒரே லயத்துப் பிள்ளைகள் மூவர் ஒரு வாரம் வராதபோது, சோம்பல் என்று எழுதி அடுத்த பெயருக்குச் செல்லாதிருப்போம். சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்போம். எண்ணப்படுதல் மனிதனாக மதிக்கப்படுதலின் முதற்படி.