கோடரி ஏந்திய கைதி

ஹாம்பர்க் நகரையடுத்த வான்ட்ஸ்பெக்கில் ஓர் இறைச்சிக் கடைக்காரன். டீட்யன் என்பது அவன் பெயர். கொடியவனல்லன், மனைவியிடம் அன்புடையவன், கடன் தொல்லையால் கலங்கிக் கிடப்பவன். பெரிய கடைகள் வந்தன, அவனுடைய சிறிய கடையில் ஈ மொய்த்தது. அந்த வேளையில் அழைப்பொன்று வருகிறது. சிறையிலே நால்வரின் தலையை வெட்ட வேண்டும். வழக்கமாக வெட்டுபவன் நோயுற்றுவிட்டான். கூலி 2,000 மார்க்! முகத்தை மூடிக்கொள்ளலாம், ஊருக்குத் தெரியாது. போகிறான்; வெட்டுகிறான்; கூலியைக் கொண்டு கடையைப் புதுப்பிக்கிறான். பிறகு ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இறைச்சி வாங்க எவரும் வரவில்லை. மனைவி தூக்கிட்டு மாள்கிறாள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு மடிகிறான்.

ஆர்னால்டு ஸ்வைக் எழுதிய புதினம் இது. 'வான்ட்ஸ்பெக்கின் கோடரி' என்ற அதே பெயரில் 1951-இல் கிழக்கு ஜெர்மனியிலே படமாயிற்று. கதை கற்பனை, கோடரி கற்பனையன்று. 1933 ஆகஸ்டு 1 அன்று, ஹாம்பர்க்கை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரில், நான்கு பொதுவுடைமையாளர்களின் தலைகள் மெய்யாகவே கோடரியால் வெட்டப்பட்டன. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அப்போது ஆறே திங்கள்தான் ஆகியிருந்தது.

படத்திலே அந்தக் கொலைக் கூலியாளாக நடித்தவர் எர்வின் கெஷோனெக். அவர் யார்? அதே கோடரிக்காரர்களின் முகாம்களில் ஆறாண்டுகள் அடைபட்டுக் கிடந்த பொதுவுடைமைத் தோழர்! வெட்டுப்பட்டோரின் இனத்தைச் சேர்ந்தவர், வெட்டியவனின் வேடத்தை ஏற்றார். ஏன் ஏற்றார்? அந்தக் கேள்விக்கு விடை, அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1906 டிசம்பர் 27 அன்று, கிழக்குப் பிரஷ்யாவின் பார்ட்டன்ஸ்டைன் என்ற ஊரில் அவர் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை செருப்புத் தைத்தவர், இரவுக் காவலும் பார்த்தவர். பிழைப்புத் தேடிப் பெர்லினுக்கு வந்த குடும்பம் அது. கெஷோனெக் நடிப்புப் பள்ளியிலே பயின்று மேடையேறியவரல்லர். எடுபிடி வேலைகள் செய்தவர். 1929-இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தவர். தொழிலாளர் நாடகக் குழுக்களிலே நடிப்பைக் கற்றவர். பிரெக்ட்டின் பங்களிப்போடு 1932-இல் வெளிவந்த 'கூலே வாம்பே' படத்தில், கூட்டத்தோடு கூட்டமாக அவருடைய முகமும் தெரிகிறது.

1933-இல் நாட்டை விட்டு வெளியேறினார். போலந்து, செக்கோஸ்லோவாகியா, சோவியத் நாடு என்று அலைந்தார். தாம் நம்பிய சோவியத் நாடே 1938-இல் அவரை வெளியே அனுப்பிற்று. பிராகு நகருக்கு மீண்டார். மறு ஆண்டு மார்ச்சில் ஹிட்லரின் படை அந்நகருக்குள் புகுந்தது. அந்தத் திங்கள் முடிவதற்குள் கைதானார். ஸாக்ஸன்ஹௌஸன், டாக்கௌ, நாயன்கம்மே: மூன்று முகாம்கள், ஆறாண்டுகள்.

டாக்கௌவிலே நடந்த ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். 1943 கோடையில் கைதிகள் நாடகம் போட அங்கே அனுமதி கிடைத்தது. வியன்னாச் செய்தியாளரான கைதி ருடால்ஃப் கால்மர், பழங்காலக் கோட்டை, வீரன், பெண் தேடும் பயணம் என்று ஒரு கேலி நாடகம் எழுதினார். வீரனின் பெயர் அடோலார். அந்த வேடம் கெஷோனெக்குக்கு. முன்வரிசையிலே எஸ்.எஸ். படையினர்; அவர்களுக்குப் பின்னே பட்டினியால் வற்றிய கைதிகள். அடோலார் வாய் திறந்தான், கையை அசைத்தான். அது ஹிட்லரின் பேச்சு! ஹிட்லரின் அசைவு! பின்னாலிருந்தோர் புரிந்துகொண்டு சிரித்தனர். முன்னாலிருந்தோர் புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு நடித்த நாடகம் அது. கலை பொழுதுபோக்குத்தானே என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

1945 மே 3. நாயன்கம்மே முகாமின் கைதிகளை எஸ்.எஸ். படையினர் லூபெக் வளைகுடாவுக்கு ஓட்டிச் சென்று, 'கப் அர்கோனா' முதலிய கப்பல்களில் அடைத்திருந்தனர். செல்வர்கள் உலாப்போன கப்பல், சிறைக்கூடமாயிற்று. உள்ளே இருப்போர் கைதிகள் என்பதை அறியாத பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தன. எரிந்தோர் போக எஞ்சியோர் குளிர்ந்த கடலிலே குதித்தனர். நீந்தியவர்களுள் பலர் சுடப்பட்டனர். மாண்டவர் ஏறத்தாழ 7,000 பேர். கப் அர்கோனாவில் மட்டும் சுமார் 4,500 கைதிகள் இருந்தனர். பிழைத்தவர் 350 பேர் அளவே. அவர்களுள் ஒருவர் கெஷோனெக். ஐரோப்பாவிலே போர் முடிய இன்னும் ஐந்தே நாட்கள்தாம் இருந்தன.

மீண்டவர் மேடைக்கே திரும்பினார். ஹாம்பர்க்கில் இடா ஏரே அம்மையார் நடத்திய அரங்கில் நடித்தார். 1949 நவம்பரில் பிரெக்ட்டின் பெர்லின் குழு தன் முதல் நாடகத்தை அரங்கேற்றியபோது, குடித்தால் மனிதனாகவும் தெளிந்தால் கொடுங்கோலனாகவும் மாறும் பண்ணையார் பூன்டிலாவுக்கு எதிரே நின்று, ஏவலாள் மட்டியாக நடித்தவர் அவர்தான். அதன் பின்னரே கோடரிப் படம்.

அந்தப் படத்தின் இயக்குநர் ஃபால்க் ஹார்னாக்கும் புண்பட்ட நெஞ்சினர். அவருடைய அண்ணன் ஆர்விட் ஹார்னாக்கை நாஜிகள் 1942-இல் தூக்கிலிட்டனர். இவ்விருவரும் கொலையாளிக்குப் பரிந்து பேசவா படமெடுத்தனர்? இல்லை. கோரைப்பல்லும் கொம்பும் வைத்து அரக்கனை எழுதுவது புராணத்தின் வேலை. இவன் ஏன் இப்படி ஆனான் என்று காரணம் தேடுவது அறிவின் வேலை. கடன், அச்சம், 'நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான்' என்ற சமாதானம், மேலிடத்தின் ஏவல் — இவை நான்கும் சேர்ந்தால், பக்கத்து வீட்டு நல்லவனும் கோடரியைத் தூக்குவான் என்று காட்டினர். முகாமிலே ஆறாண்டுகள் கிடந்தவர் கண்ட பாடம் அதுவன்றோ? அங்கே அவரைக் காவல் காத்தவர்களும் தாய் வயிற்றிலே பிறந்தவர்கள்தாமே!

1951 மே திங்களில் படம் திரையிடப்பட்டது. மக்கள் திரண்டு வந்தனர். சில கிழமைகளிலேயே படம் திரும்பப் பெறப்பட்டது. தடுத்தவர்கள் நாஜிகளல்லர், நாஜிகளை வென்று அமைந்த ஆட்சியினர். மாண்ட தோழர்கள் அல்லவா தலைவர்களாக விளங்க வேண்டும், கொன்றவனுக்கு இரக்கம் பிறக்கலாமா என்பது அவர்கள் கூறிய குறை. இயக்குநர் மேற்கே சென்றுவிட்டார். 1962-இல் சுருக்கிய வடிவமும், 1981-இல் முழு வடிவமும் வெளிவந்தன. 30 ஆண்டுகள் காத்திருந்த உண்மை அது!

கெஷோனெக் கிழக்கிலேயே தங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களிலும் தொலைக்காட்சி நாடகங்களிலும் நடித்தார். 1963-இல் புகன்வால்ட் முகாமைக் காட்டிய 'ஓநாய்களிடையே நிர்வாணமாக'. அதே ஆண்டு, போர் முடிந்த நாட்களில் ஏழு பீப்பாய்க் கார்பைடைச் சுமந்துகொண்டு ஊரூராய்த் திண்டாடும் தொழிலாளியாகச் சிரிக்க வைத்த 'கார்பைடும் புளிச்சக்கீரையும்'. 1975-இல், யூதச் சேரியின் சவரத் தொழிலாளி கொவால்ஸ்கியாக நெஞ்சை உருக்கிய 'பொய்யன் யாகோப்'. ஆஸ்கர் பரிசுக்கு முன்மொழியப்பட்ட ஒரே கிழக்கு ஜெர்மானியப் படம் அதுதான். கடைசியாக 1995-இல், மகன் மட்டி இயக்கிய படத்தில் நடித்தார். அவர் வாழ்ந்த அரசு 1990-இல் மறைந்தது. அவர் 2008 மார்ச் 12 வரை வாழ்ந்து, 101-ஆம் வயதில் மறைந்தார்.

தோழர்களே, எதிரியை வெறுப்பது எளிது. எதிரி எவ்வாறு உருவாகிறான் என்று ஆராய்வது கடினம். எளியதைச் செய்பவன் ஒரு கோடரிக்காரனை ஒழிப்பான். நாளை வேறொருவன் வருவான். கடினமானதைச் செய்பவனே, கோடரி கைமாறும் வழியை அடைப்பான். அந்தக் கடினமான வேலையைத்தான், முகாமின் வடுக்களைச் சுமந்த உடலோடு, கொலைகாரனின் உடையை அணிந்து நின்று செய்தார் எர்வின் கெஷோனெக்.