நாற்பது சதுர மீட்டரில் நானூறு ஆண்டுகள்

மலாக்காவின் பழைய தெருக்களில் நடந்து பார்த்தோர்க்கு, முகப்பில் குறுகி உள்ளே நீண்டு செல்லும் வீடுகள் புதியன அல்ல. 1641ஆம் ஆண்டில் அந்நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் தாய்நாட்டிலும் அத்தகைய வீடுகள் மிகுதி. ஆம்ஸ்டர்டாம் நகரின் யோர்தான் வட்டாரம் அதற்கு நல்ல சான்று. இன்று அங்கே நாற்பது சதுர மீட்டர் அளவுள்ள பழைய மாடிவீடு ஒன்றை வாங்க முற்படுபவர், நானூறு ஆண்டு வரலாற்றில் ஒரு பங்கையும் சேர்த்தே விலை பேசுகிறார்.

1612ஆம் ஆண்டளவில் ஆம்ஸ்டர்டாம் தன் எல்லையை மேற்கே விரித்தது. பெருவணிகர்க்கென அகன்ற கால்வாய்கள் நேர்கோடாக வெட்டப்பட்டன. அவற்றிற்கு அப்பால், தொழிலாளர்க்கும் கைவினைஞர்க்கும் உரிய நிலத்திலோ பழைய புல்வெளி வாய்க்கால்களே தெருக்களாகவும் சிறு கால்வாய்களாகவும் ஆயின. யோர்தான் தெருக்கள் பெருங்கால்வாய்களை இன்றும் சாய்வாகவே சந்திப்பதற்குக் காரணம் இதுவே. மனைகள் சிறியன, வீடுகள் ஒடுங்கியன, படிக்கட்டுகளோ ஏணியை ஒத்தவை. கட்டிலும் பேழையும் அவற்றின் வழியே ஏறா. ஆகவே முகப்பின் உச்சியில் உத்தரமொன்றை நீட்டி, கயிறு கட்டிப் பொருள்களைச் சன்னல் வழியாக ஏற்றினர்.

வீடு வாங்குவதில் உள்ள இடரை இவ்வட்டாரத்திற்கு வந்து சேர்ந்த ஒருவரின் வாழ்வே காட்டுகிறது. ஓவியர் ரெம்பிராண்ட் 1639ஆம் ஆண்டில் நகரின் வேறொரு பகுதியில் பெருவீடொன்றை 13,000 கில்டருக்கு வாங்கினார். முழு விலையையும் அவரால் கொடுத்துத் தீர்க்க இயலவில்லை. 1656இல் கடனால் நொடிந்தார். வீடும் ஏலம் போயிற்று. யோர்தானின் ரோசன்கிராக்ட் கரையில் வாடகை வீடொன்றில் எஞ்சிய நாள்களைக் கழித்து, 1669இல் அங்கேயே மறைந்தார். மாபெரும் கலைஞரும் கைவினைஞர் சேரியில்தான் ஒதுங்க நேர்ந்தது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் நெரிசலின் உச்சத்தை எட்டியது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 80,000 பேர் இங்கு வாழ்ந்தனர் என்பர். இன்று அத்தொகை 20,000 அளவே. ஓர் அறையில் ஒரு குடும்பம். நீர் கசியும் நிலவறையிலும் குடும்பங்கள். நாற்றமெடுத்த கால்வாய்கள் சிலவற்றை நகராட்சி தூர்த்தது. ரோசன்கிராக்ட் 1889இல் தெருவாயிற்று. வறுமையின் வெப்பம் எத்தகையது என்பதை 1886ஆம் ஆண்டு நிகழ்ச்சி புலப்படுத்தும். கால்வாயின் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கும் விலாங்கு மீனைப் படகிலிருந்து பறிக்கும் விளையாட்டைக் காவலர் தடுத்தனர். அதனால் மூண்ட கலவரத்தில் 26 பேர் உயிரிழந்தனர். விலாங்குக்காகவா அவர்கள் மாண்டனர்? நெடுநாள் அடக்கிவைத்த துயரே அன்று வெடித்தது எனலாம். 1901ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், குடியிருக்கத் தகாத வீடுகளை மூடும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு வழங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், இடிந்து நின்ற இத்தெருக்களைத் தகர்த்துப் புதுக் கட்டடம் எழுப்பும் எண்ணம் வலுத்தது. குடியிருப்போரும் பழமை போற்றுவோரும் அதனை எதிர்த்தனர். 1970களில் நகராட்சியின் போக்கு மாறிற்று. பழைய தெரு அமைப்பைக் காத்து, அங்கு வாழ்வோர்க்கே வீடுகளைச் செப்பனிடும் கொள்கை இடம்பெற்றது. இதனிடையே 1951ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு கதவைத் திறந்திருந்தது. ஒரு கட்டடத்தின் ஒரு மாடியைத் தனியே விற்கவும் வாங்கவும் அது வழி செய்தது. முன்பு ஏழைக் குடும்பம் வாடகைக்கு இருந்த அதே அறைகள் விலைப்பொருளாயின. இன்று யோர்தான் நெதர்லாந்தில் விலை மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. இடிப்பை எதிர்த்து நின்றோரின் பேரப்பிள்ளைகள் பலருக்கு அதே தெருவில் வீடு வாங்கும் வசதி இல்லை. காக்கப்பட்டவை சுவர்கள்தாமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி, வாங்குபவர் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் காண்போம். சதுப்பு நிலத்தில் எழுந்த இவ்வீடுகள், மணற்படுகை வரை அடித்து இறக்கிய மரக்கம்பங்களின்மேல் நிற்கின்றன. நீருள் மூழ்கியிருக்கும் வரை அம்மரம் நூற்றாண்டுகளைத் தாங்கும். நிலத்தடி நீர் தாழ்ந்து காற்றுப் பட்டாலோ, கம்பத்தின் தலை உளுத்துப்போகும், வீடு சாயும். எனவே, விவரம் அறிந்தவர் வண்ணச் சுவரைக் கண்டு மயங்காமல், அடித்தள ஆய்வறிக்கையையே முதலில் கேட்பார். 2003 முதல், விற்பனை ஒப்பந்தம் கைக்கு வந்தபின் மூன்று நாள்களுக்குள் அதிலிருந்து விலகும் உரிமையையும் சட்டம் அவருக்கு அளித்துள்ளது.

மாடி தனியுடைமை, கூரையும் கம்பங்களும் பொதுவுடைமை. ஆதலின் வாங்குபவர் அனைவரும் உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினராவர். பழுதுபார்ப்புக்கெனச் சங்கம் ஆண்டுதோறும் சேமநிதி ஒதுக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. சில கட்டடங்களில் ஒரு மாடி புதிதாய் வாங்கியவருடையது. மற்றொன்று வீடமைப்புக் கழகத்துக்கு உரியது, அதில் குறைந்த வாடகையில் பழைய யோர்தான் குடும்பம் வாழ்கிறது. அடித்தளத்தைப் புதுப்பிக்கும் செலவு குறித்த வாக்கெடுப்பில் கழகமும் புதியவரும் ஒரே மேசையில் அமர்கின்றனர். வாடகைக்கு இருக்கும் பழங்குடும்பத்துக்கோ அங்கு வாக்கு இல்லை.