ஜாக்சனை நீக்கினார்கள், போரை விடவில்லை

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று கட்டபொம்மனைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "அது பாஞ்சாலங்குறிச்சிக் கதை அல்லவா ஐயா?" என்பார்கள். பாதிதான் சரி. அவர் தம்பி ஊமைத்துரை 1801இல் பிடிபட்டது நம் வத்தலக்குண்டில். கும்பினிக்கு எதிரான கூட்டணியில் முன்னின்ற விருப்பாச்சி கோபால நாயக்கரைத் தூக்கிலிட்டதும் அதே ஆண்டில், இதே திண்டுக்கல்லில். இவர்களை அந்த முடிவுக்குக் கொண்டு சேர்த்த போருக்குக் கும்பினி சொன்ன காரணம் எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருந்து வருகிறது.

1798இல் கலெக்டர் ஜாக்சன், கிஸ்தி பாக்கிக்காகக் கட்டபொம்மனைப் பேட்டிக்கு அழைத்துவிட்டு ஊர் ஊராக அலையவிட்டார். செப்டம்பரில் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் ஒருவழியாகச் சந்திப்பு நடந்தது. அங்கே நெடுநேரம் நிற்க வைத்து விசாரித்தபின் சிறைப்படுத்த முயன்றதில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் மாண்டார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

நாம் மறந்துவிட்ட பகுதி இனிமேல்தான் வருகிறது. 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் ஜாக்சன் துரையை நம் நினைவில் ஆழப் பதித்துவிட்டது. விசாரணைக் குழுவை யார் நினைக்கிறார்கள்? சென்னை அரசு குழு ஒன்றை அமைத்தது. டிசம்பரில் கட்டபொம்மன் நேரில் வந்து சாட்சியமளித்தார். குற்றமற்றவர் என்று குழு முடிவு செய்தது. ஜாக்சன் பதவி இழந்தார். தவறு தம் அதிகாரியுடையது என்பதைக் கும்பினி தன் கைப்படவே எழுதி வைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு புதிய கலெக்டர் லூஷிங்டன் பேட்டிக்கு அழைத்தார். கட்டபொம்மன் போகவில்லை. முந்தைய பேட்டி எப்படி முடிந்தது என்று அறிந்த எவர்தான் போயிருப்பார்? ஆனால் அந்த மறுப்பே குற்றப்பட்டியலில் ஏறியது. கிஸ்தி பாக்கியும் சிவகிரித் தகராறில் தலையிட்டதும் அதனுடன் சேர்ந்தன. இவை முற்றிலும் புனைவு என்று நான் வாதிட மாட்டேன். பாக்கி இருந்தது உண்மை. எனினும், அவர் வரத் தயங்கியதற்குத் தங்கள் அதிகாரியே காரணம் என்று ஒரு பாளையக்காரரின் முன் ஒப்புக்கொண்டால், மற்ற பாளையக்காரர்களிடம் தங்கள் சொல் செல்லாது என்று கும்பினி அஞ்சியிருக்க வேண்டும். 1799 செப்டம்பர் 5 அன்று பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து வைத்துக்கொண்டு, கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்.

ஈராக் போரின்போது இந்த வரலாறு எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. 2003இல் பேரழிவு ஆயுதங்கள் என்றார்கள். அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் இல்லையென்று அமெரிக்கா அமைத்த ஆய்வுக் குழுவே 2004இல் அறிவித்தது. உடனே காரணம் மாறியது. கொடுங்கோலனை அகற்றினோம் என்றார்கள். 2016இல் சில்காட் அறிக்கை வந்த நாளன்று டோனி பிளேர் வருத்தம் தெரிவித்தார். அதே நிலையில் இருந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார்.

கயத்தாற்றில் நிறுத்தப்பட்ட பாளையக்காரர்கள் அடங்கிப் போவார்கள் என்று கும்பினி எண்ணியது. ஆனால் விருப்பாச்சியிலும் சிவகங்கையிலும் அதற்குள் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. விசாரணையில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவருக்கே அடுத்த ஆண்டு தூக்குக் கயிறு என்றால், கோபால நாயக்கர் எந்த நம்பிக்கையில் கும்பினியின் கச்சேரிக்குப் போய் நிற்பார்?