இடைவேளையும் ஒரு கட்டளைதான்

பள்ளி அணிவகுப்பில் 'ஸ்டாண்ட் ஈஸி' என்று குரல் கேட்டதும் உடம்பைத் தளர்த்தி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பிரிட்டனின் ராயல் கடற்படையில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: முற்பகல் வேலைக்கு நடுவே வரும் தேநீர் இடைவேளை.

கப்பலில் வேலைக்கு இரவு பகல் கிடையாது. ஒரு நாளை நான்கு மணி நேர ஷிஃப்டுகளாகப் பிரித்தால் ஆறு வரும். இரண்டு குழுக்கள் மாறி மாறி நின்றால், நள்ளிரவு ஷிஃப்ட் தினமும் ஒரே குழுவின் தலையில் விழும். அதனால் மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாக உடைத்தார்கள். அவற்றுக்கு 'டாக் வாட்ச்' என்று பெயர். மொத்தம் ஏழு ஆகிவிட்டதால் முறை தானாக மாறிவரும்; மாலைச் சாப்பாட்டுக்கும் எல்லோருக்கும் நேரம் கிடைக்கும்.

நள்ளிரவு 12 முதல் 4 வரை விழித்திருப்பவர்களுக்குத் துணை 'கை'. கட்டிச் சாக்லேட்டைச் சீவி வெந்நீரில் கரைத்த, கெட்டியான கோகோவுக்கு மாலுமிகள் வைத்த பெயர் அது. இரண்டாம் உலகப்போரில், வட அட்லாண்டிக் குளிரில் மேல்தளத்தில் நின்றவர்களுக்கு ஆவி பறக்கும் 'கை' குவளையில் வந்து சேரும்.

மிட்டாய், சாக்லேட் எல்லாமே அவர்களுக்கு 'நட்டி'. உள்ளே கொட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. தேநீர் 'வெட்'. குளிர்பானம் 'கோஃபர்'. அமெரிக்கக் கடற்படையில் ஐஸ்கிரீமும் நொறுக்குத் தீனியும் 'கீடங்க்'. அவற்றை விற்கும் கடைக்கும் அதே பெயர். நள்ளிரவு ஷிஃப்ட் மாறும்போது கிடைக்கும் சாப்பாடு 'மிட்ராட்ஸ்'.

ராயல் கடற்படையில் தினமும் ரம்மும் கொடுத்தார்கள். ஆளுக்கு அரைக்கால் பைண்ட், அதாவது சுமார் 70 மில்லி. நுட்பமான இயந்திரங்களை இயக்குபவர்களுக்கு இது சரிவராது என்று 1970 ஜூலை 31-உடன் நிறுத்தினார்கள். சில மாலுமிகள் கறுப்புப் பட்டை அணிந்து துக்கம் கொண்டாடினார்கள்.

ரம் போனது, 'ஸ்டாண்ட் ஈஸி' போகவில்லை. அது அதிகாரி மனம் இரங்கித் தரும் சலுகையாக இருந்ததில்லை. கப்பலின் அன்றாட அட்டவணையில் எழுதப்பட்டு, விசில் ஊதி அறிவிக்கப்படும் கட்டளை அது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எடுத்ததற்குப் பதில் சொல்லவும் வேண்டாம்.

நம் கேட்டிலும் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை டியூட்டி சார்ட் போடும்போது அவர்களுடைய தேநீர் நேரத்தையும் அதில் எழுதுவோம். அந்தப் பத்து நிமிடம் கேட்டில் யார் நிற்பார் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.