ரிக்கார்டு பிளேயரில் 'கொய்ங்', 'கர கர' சத்தமா? தூக்கிப்போடும் முன் இதைப் பாருங்க!

திண்டுக்கல்:

கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா எதுவானாலும் ஒரு காலத்தில் மைக்செட்காரர் வந்து புனல் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி ரிக்கார்டை சுழல விட்டால்தான் ஊருக்கே விசேஷம் தெரியும். கேசட் வந்தது, சி.டி. வந்தது. ரிக்கார்டு பிளேயர் பரணுக்குப் போனது.

இப்போது பலர் அதை இறக்கி தூசி தட்டுகிறார்கள். தாத்தா, அப்பா வாங்கி வைத்த தட்டுகளை ஓட விட்டால் பாட்டுக்கு முன்னாடி வேண்டாத சத்தம்தான் வருகிறது. 'செட் போச்சு' என்று எடைக்குப் போட்டு விடாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட கோளாறை செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அதன் விவரம் வருமாறு:-

முதலில் 3 சோதனை

1. ஆம்ப்ளிபயரை மட்டும் போடுங்கள். தட்டு சுற்றக் கூடாது, ஊசி தூக்கியே இருக்கட்டும். அப்போதே சத்தம் வந்தால் கோளாறு கரண்டு, ஒயர், எர்த் பக்கம்.

2. ஊசியை இறக்காமல் தட்டை மட்டும் சுற்ற விடுங்கள். இப்போதுதான் சத்தம் வருகிறது என்றால் மோட்டாரும் அதன் ஒயரிங்கும் காரணம்.

3. ஊசி தட்டில் பட்ட பிறகுதான் சத்தமா? அப்படியானால் ரிக்கார்டு, ஊசி, ரப்பர் வீல், வைத்திருக்கும் மேஜை ஆகியவற்றைப் பாருங்கள்.

'கொய்ங்' என்ற ஹம்

நம்ம ஊர் கரண்டு நொடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுவது. அது பாட்டு ஒயருக்குள் புகுந்தால் வருவதுதான் ஹம். பிளேயரின் பின்னால் தனியாக ஒரு மெல்லிய எர்த் ஒயர் இருந்தால் அதை ஆம்ப்ளிபயரில் 'ஜி.என்.டி.' என்ற ஸ்க்ரூவில் இறுக்க வேண்டும். பெரும்பாலும் இந்த ஒயர்தான் கழன்று கிடக்கும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஹம் வந்தால் ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு, பிளேயரில் இருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின்களை இடம் மாற்றி சொருகுங்கள். ஹம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு பிளேயரில். அதே ஸ்பீக்கரில் நின்றால் ஆம்ப்ளிபயரில்.

டி.வி.யும் அதே ஆம்ப்ளிபயரில் இருந்தால் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான். இன்வெர்ட்டர், எலெக்ட்ரானிக் பேன் ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு ஆகியவையும் இரைச்சல் கொடுக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி சிக்கி விடும்.

உயிருக்கே ஆபத்து

ஹம் நிற்கிறது என்பதற்காக சிலர் 3 பின் பிளக்கில் பெரிய பின்னான எர்த்தைக் கழற்றி விடுகிறார்கள். இது கூடவே கூடாது. உள்ளே லீக்கேஜ் இருந்தால் கரண்டு கை வழியாகத்தான் இறங்கும்.

சில பழைய செட்களில் உள் தகடே நேரடியாக கரண்டோடு சேர்ந்திருக்கும். டெஸ்டரை வைத்து எரிந்தால் தொடாதீர்கள், நீங்களாக எர்த் ஒயரும் கட்டாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கோடையில் வீட்டு எர்த் குழி காய்ந்து போகும். அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது செட்டுக்கும் நல்லது, வீட்டில் இருப்பவர்களுக்கும் நல்லது.

பாட்டுக்குள் ரேடியோவா?

பாட்டுக்கு நடுவே கோடை பண்பலையில் யாரோ பேசுவது கேட்டால் பயப்பட வேண்டாம். ஊசித் தலையில் இருந்து வரும் ஒயர் ஏரியல் வேலை பார்க்கிறது. பின்களை நன்றாகத் துடைத்து, நீளமான சாதா ஒயரை எடுத்துவிட்டு, மேலே வலை சுற்றிய குட்டையான ஷீல்டு ஒயர் போட்டால் பெரும்பாலும் அடங்கி விடும்.

'கர கர', 'டிக் டிக்'

தூசிதான் முதல் எதிரி. மெல்லிய துணியால் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. கழுவுவதானால் உப்புப் படியும் போர் தண்ணீர் வேண்டாம். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நடுவில் உள்ள லேபிள் நனையாமல் பார்த்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் எல்.பி. அப்பளம் போல வளைந்து விடும்.

பழைய 78 வேகத் தட்டு அரக்கில் செய்தது. அதில் ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சே கரைந்து விடும்.

ஊசியும் இரண்டு வகை. 78-க்கு தடித்த ஊசி, எல்.பி.க்கு மெல்லிய ஊசி. பல பிளேயர்களில் இதைத் திருப்ப சின்ன பிடி இருக்கும். மாறி இருந்தால் இரைச்சல் நிச்சயம். சாவி கொடுக்கும் கிராமபோனின் இரும்பு ஊசியை ஒரு பக்கம் ஓடியதும் மாற்ற வேண்டும். அதில் எல்.பி. தட்டை வைக்கவே கூடாது. அந்தக் கனமான தலை ஒரே தடவையில் பாட்டை உழுது விடும்.

ஊசி தாவுகிறது என்று மேலே நாலணா காசு வைப்பதும் தப்பு. ஊசியும் தேயும், தட்டும் தேயும்.

33 1/3 வேகத்தில் சரியாக 1.8 நொடிக்கு ஒரு முறை 'டிக்' வந்தால் அது தட்டில் விழுந்த கீறல். அதைவிட வேகமாக 'தட் தட்' என்று வந்தால் உள்ளே உள்ள ரப்பர் வீலில் பள்ளம் விழுந்திருக்கும். வீலை மாற்றினால் சரி. ஓட்டி முடித்ததும் ஸ்விட்ச்சை 'ஆப்' நிலைக்குக் கொண்டு வராமல் விட்டால் இப்படிப் பள்ளம் விழும்.

'ஊ...' என்ற ஊளை

சத்தம் கூட்டும்போது மட்டும் ஊளை வந்தால் ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேஜையில் இருக்கின்றன என்று அர்த்தம். ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியே ஊசிக்கு ஏறுகிறது. பிளேயரை சுவரில் பதித்த கல் பலகைக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்து சரியாகாவிட்டால் மெக்கானிக்கிடம் போகலாம். 3 சோதனையில் எதில் சத்தம் வந்தது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. 'எல்லாத்தையும் மாத்தணும்' என்று யாரும் உங்களிடம் காசு பறிக்க முடியாது. செட்டை காசு கொடுத்து சரி பண்ணி விடலாம். தேய்ந்து போன தட்டை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது. சந்தேகம் இருந்தால் முதலில் ஊசியைத் தூக்கி விடுங்கள்.