ரேடியேட்டர் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும்

காரின் கூலன்ட் டப்பாவில் விரிசல். ராணிகஞ்சில் புதிது வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். இரண்டு போல்ட், ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். ஆனால் இந்த டப்பா வருவதற்குமுன் டிரைவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

1932 ஜூனில் நிஜாம் அரசு ரயில்வே இதே ஹைதராபாத்தில் 27 பஸ்களோடு சாலைப் போக்குவரத்தை ஆரம்பித்தது. அந்தக் கால வண்டிகளில் ரேடியேட்டர் மட்டும்தான். சூட்டில் தண்ணீர் விரியும், மிஞ்சியது ஒரு குழாய் வழியாகத் தெருவில் கொட்டும். போனது போனதுதான். ஆறியதும் அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். அதனால்தான் தண்ணீர் கேன் இல்லாமல் யாரும் தூரப்பயணம் கிளம்பியதில்லை. கொடைக்கானல் ஏற்றத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற அம்பாசிடர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

1961ல் பிரான்சில் வந்த ரெனோ 4, மூடிய குளிர்விப்பு முறையைச் சாதாரணக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. விரிந்து வெளியேறும் நீரை ஒரு புட்டியில் பிடித்துவைத்து, ஆறியதும் இன்ஜின் திரும்ப இழுத்துக்கொள்ளும். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் :-)

நம் ஊரில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகு, கேன் சுமக்கும் பழக்கம் மெல்லப் போயிற்று. சிக்கலும் அங்கேதான். முன்பு டிரைவர் அடிக்கடி தண்ணீரைப் பார்ப்பார். இப்போது டப்பா விரிசல்விட்டுக் காலியானாலும் யாரும் கவனிப்பதில்லை. கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஊருக்குக் கிளம்பி, கர்நூல் தாண்டி வெயிலில் இன்ஜின் கொதித்தால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். செலவு பல ஆயிரம்.

வீட்டிலேயே மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே கை வையுங்கள். மூடிய அமைப்பில் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சில கார்களில் அந்த அழுத்த மூடி டப்பாவின் மேலேயே இருக்கிறது, ஜாக்கிரதை!

இங்கே போர் தண்ணீர் உப்பு. உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்டையே ஊற்றுங்கள். டப்பாவில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் போதும், கழுத்துவரை நிரப்ப வேண்டாம். ஒருமுறை ஓட்டிவிட்டு, மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வேறெங்காவது ஒழுகுகிறதா என்று பாருங்கள்.